ஆபீஸ் கணினிகளை எடைக்குப் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றதும் 65 கணினிகளை மாற்றினோம். பழையவை ஸ்டோர் ரூமில் குவிந்து கிடக்கின்றன. இதுவரை பழைய இரும்புக் கடைக்காரருக்கு எடை போட்டுத்தான் கொடுத்து வந்தோம். இந்த முறை பையர் ஆடிட்டில் (எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனம் செய்யும் தணிக்கை), மின்கழிவை யாரிடம் கொடுக்கிறீர்கள், ஆதாரம் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்த ஸ்டோர் ரூமைப் பூட்டுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம். கணினி மேசையை விட்டுக் கிளம்பிக் கேட்டைத் தாண்டும் வரையுள்ள நாள்களில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் கணக்கெடுக்கப் போயிருந்தேன். ரெஜிஸ்டரில் 40 லேப்டாப், அலமாரியிலும் 40. எல்லோருக்கும் நிம்மதி. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ இல்லை. திறந்தோம். ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேபிள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் திறந்தோம், ஏழில் டிஸ்க் இல்லை. அதில் ஒன்று சம்பளப் பிரிவில் இருந்த லேப்டாப். யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் கணினியின் சீரியல் நம்பரோடு உள்ளே இருக்கும் டிஸ்க்கின் நம்பரையும் எழுதி வையுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். 65 பெட்டிகளையும் திறந்து எழுத இரண்டு பேருக்கு இரண்டு நாள் ஆகும். ஆகட்டும். உங்கள் தொழிலாளர்களின் ஆதார் நகல், பிஎஃப் விவரம், பையருக்குக் கொடுத்த விலைக் கணக்கு, பிரவுசரில் சேமித்து வைத்த ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எல்லாம் அந்த டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன.

அடுத்தது அழிப்பது. ஃபார்மேட் செய்துவிட்டோம் என்று பலர் சொல்வார்கள். சாதாரண ஃபார்மேட்டுக்குப் பிறகும் இலவச மென்பொருளை வைத்தே கோப்புகளை மீட்டுவிடலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், அதற்குரிய மென்பொருளால் டிஸ்க் முழுவதும் பழைய தரவின் மேல் வேறு தரவை ஒருமுறை மேலெழுதிச் சரிபார்த்தால் போதும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வேறு ரகம். ஒரே இடம் தேய்ந்துவிடாமல் இருப்பதற்காகத் தரவை அது உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், எனவே மேலெழுதினாலும் சில பகுதிகள் தப்பிவிடும். டிஸ்க்கிலேயே இருக்கும் செக்யூர் எரேஸ் அல்லது சானிடைஸ் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். காந்தத்தால் அழிக்கும் கருவி எஸ்எஸ்டியிடம் பலிக்காது. டிரில் போட்டு ஒரு ஓட்டை போடுவதும் வேண்டாம், பக்கத்துச் சிப்பில் தரவு அப்படியே இருக்கும். உயிர் இல்லாத டிஸ்க்குகளை உங்கள் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நொறுக்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்கிய கணினிகளில், டிஸ்க்கில் உள்ள தரவைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை இன்றே இயக்கி, மீட்புச் சாவிகளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை பாதிக் கவலை குறையும்.

இது பெரிய நிறுவனங்களுக்கும் சறுக்கும் இடம்தான். அமெரிக்காவின் மோர்கன் ஸ்டான்லி தன் பழைய சர்வர்களையும் டிஸ்க்குகளையும் அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் இடமாற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவற்றில் சில, வாடிக்கையாளர் தரவு அழியாமலேயே இணைய ஏலத்துக்கு வந்துவிட்டன. 2022-ல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது.

எல்லோரும் மறக்கும் பொருள் ஒன்று உண்டு: ஜெராக்ஸ் மெஷின். அலுவலகங்களில் இருக்கும் பெரிய மெஷின்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு, நகலெடுத்த பக்கங்கள் அதில் தங்கியிருக்கும். வாடகை மெஷினைத் திருப்பி அனுப்பும் முன் டிஸ்க்கை அழித்துத் தருமாறு எழுத்தில் கேளுங்கள். சிசிடிவி டிவிஆர், ரவுட்டர், ஃபயர்வால் ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

இப்போது யாரிடம் கொடுப்பது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி, ஒரு நிதியாண்டில் எப்போதாவது 1000 அல்லது அதற்கு மேற்பட்ட கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனம் மொத்த நுகர்வோர். அது பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் (பழைய கருவியைச் சரிசெய்து மறுபயன்பாட்டுக்குத் தருபவர்), மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே மின்கழிவைக் கொடுக்க வேண்டும். கணினி மட்டும் கணக்கில்லை. பிரிண்டர், போன், ஏசி, ஃபிரிட்ஜ் என்று அந்தப் பட்டியல் நூறு பொருள்களைத் தாண்டும், எண்ணிப் பாருங்கள். 1000-க்குக் கீழே வந்தாலும் இதே வழியில் போவதுதான் சரி, ஆடிட்டருக்குக் காட்டவும் அதுவே உதவும். வருபவர் நீட்டும் சான்றிதழ் நகலை நம்பி நிற்காமல், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மின்கழிவுப் போர்ட்டலில் அவர் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

ரசீதில் 'மின்கழிவு 420 கிலோ' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். எந்த டிஸ்க் போனது என்பதை எடை சொல்லாது. உங்கள் சீரியல் நம்பர் பட்டியலையே இணைத்து, ஒவ்வொன்றும் அழிக்கப்பட்டதா, நொறுக்கப்பட்டதா, புதுப்பிக்கப் போனதா என்று எழுதி வாங்குங்கள்.

65-ல் பல நன்றாக ஓடக்கூடியவையாகவே இருக்கும். விண்டோஸ் 11 ஏறாத கணினியிலும் இலவச இயங்குதளமான லினக்ஸ் ஓடும். அவற்றை உடைக்க வேண்டாம். தரவை அழித்து, கணினியைப் போட்டதும் கேட்கும் பயாஸ் பாஸ்வேர்டை நீக்கிவிட்டுப் புதுப்பிப்பாளரிடம் கொடுங்கள், விலையும் சற்று கூடுதலாகக் கிடைக்கும். பூட்டோடு போனால் அது வெறும் உதிரிப் பாகம். பேட்டரி வீங்கிய லேப்டாப்பைத் தனியே வையுங்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது. யுபிஎஸ் பேட்டரிகளுக்குப் பேட்டரிக் கழிவு விதிகள் 2022 தனியாக இருக்கின்றன, அவற்றை இந்தச் சுமையோடு கலக்காதீர்கள். சொத்துப் பதிவேட்டிலிருந்து நீக்கும்படி கணக்குப் பிரிவுக்கும் பட்டியலில் ஒரு நகல் போகட்டும்.

பழைய இரும்புக் கடைக்காரரைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரும்பு ரேக்கும் உடைந்த நாற்காலியும் அவருக்கே போகட்டும். கணினி மட்டும் வேண்டாம். பழைய மானிட்டர்களில் ஈயமும் பாதரசமும் இருக்கலாம். செம்புக்காக வயரை எரித்தால் அந்தப் புகை முதலில் போவது எரிப்பவரின் நுரையீரலுக்குத்தான். இதை அவரிடம் நேரிலேயே சொல்லுங்கள், பல வருடப் பழக்கம், புரிந்துகொள்வார்.