செத்த யானைக்கு யார் பொன் கொடுப்பார்?

கேள்வி: இரட்டை மாடி விமானமான ஏர்பஸ் ஏ380 மண்ணைக் கவ்விய பிறகும் போயிங் 777-9 என்று இன்னொரு பிரமாண்ட விமானம் வரப்போகிறதே, இது வியாபாரத்தில் ஜெயிக்குமா? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற தைரியமா?

பதில்: விமானத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த யானை. போகிற போக்கில் கடைசியில் ஒரு பழமொழியைப் போட்டுவிட்டீர்கள், ஆனால் விஷயம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. அதுவும் முதல் பாதியில் இல்லை, 'இறந்தாலும்' என்கிற பாதியில்.

பிரான்சில் பிரனீஸ் மலையடிவாரத்தில் தார்ப் என்று ஓர் ஊர். 2007 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போன முதல் ஏ380, பத்து வருஷக் குத்தகை முடிந்ததும் அங்கேதான் போய் நின்றது. அதன் சொந்தக்காரர் ஒரு ஜெர்மன் முதலீட்டு நிறுவனம். அவர்கள் பல விமானக் கம்பெனிகளிடம் பேசிப் பார்த்தார்கள், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2018-ல் பிரித்து விற்றுவிடுவது என்று முடிவு செய்தார்கள். விமானத்துக்குப் பத்து வயசு என்பது நல்ல வாலிபம். அந்த வயசில் உடைப்புக்குப் போனது.

செத்த யானையில் விலை போவது தந்தம். விமானத்தில் தந்தம் என்றால் எஞ்சின்தான், அதைத்தான் முதலில் கழற்றுவார்கள். கழற்றிய இடம் வெறுமையாக இருந்தால் எடை சமநிலை கெட்டுப்போகும், காற்றுக்கு ஆடும் என்று இறக்கைக்கு அடியில் கனமான கட்டிகளைத் தொங்கவிடுவார்கள். அப்புறம் சக்கரங்களும் கால்களும், அப்புறம் விமானி அறையின் கருவிகள். மிச்சம் இருப்பது அலுமினியம். ஏ380-யின் தோலைத் தீப்பெட்டி அகலத்துக்கு வெட்டிச் சாவிக்கொத்தாகக்கூட விற்கிறார்கள். எட்டு மாடிக் கட்டடம் உயரம் நின்ற ஒரு ஜீவன் கடைசியில் சட்டைப் பைக்குள் போகிறது என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படுகிறது.

நான் ரொம்ப காலமாகப் பிடித்த பிடியாகச் சொல்லி வருவது இதுதான்: ஒரு விமானம் ஜெயிக்குமா என்று தெரிய முதல் சொந்தக்காரரைப் பார்க்காதீர்கள், இரண்டாவது சொந்தக்காரர் இருக்கிறாரா என்று பாருங்கள். முன்பு இதே பக்கத்தில் இதை எழுதியபோது, "பயணிகளுக்குப் பிடித்திருக்கிறதே, போதாதா" என்று ஒரு வாசகர் மாதக்கணக்கில் கடிதம் போட்டுச் சண்டை பிடித்தார். போதாது ஐயா, இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். ஏ380-யில் சத்தம் குறைவு, இடம் தாராளம், ஏறியவர்களுக்கு அதன்மேல் ஆசைதான், எல்லாம் வாஸ்தவம். ஆனால் விமானங்களில் பெரும்பகுதி கடனிலோ குத்தகையிலோதான் ஓடுகின்றன. பத்து வருஷம் கழித்து இன்னொருவர் வாங்குவார் என்ற நம்பிக்கை இருந்தால் வாடகை குறையும். வாங்க ஆள் இல்லையென்றால் போட்ட பணம் முழுவதையும் முதல் ஆளிடமே கறந்தாக வேண்டும்.

போயிங் 747-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் எல்லோரும் நம்பியது, இனிமேல் பயணிகளெல்லாம் ஒலியை மிஞ்சும் விமானத்தில்தான் போகப்போகிறார்கள் என்று. அப்படியானால் இந்தப் பெரிய விமானம் சீக்கிரமே சரக்கு சுமக்கப் போய்விடும் என்று கணக்குப் போட்டு, 747-ஐ வடிவமைத்த ஜோ சட்டரின் குழு விமானி அறையைத் தூக்கி மேலே வைத்தது, மூக்கைத் திறந்து நேராகச் சரக்கு ஏற்றலாம் என்பதற்காக. அந்த மேடு, அந்த மத்தகம், அழகுக்கு வைத்ததில்லை. செத்த பிறகு என்ன செய்வது என்று பிறப்பதற்கு முன்பே யோசித்து வைத்தது! 1970 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறக்க ஆரம்பித்து, மொத்தம் 1,574 செய்தார்கள். 2023 ஜனவரியில் அட்லஸ் ஏர் வாங்கிக்கொண்ட கடைசி 747-உம் சரக்கு விமானம்தான்.

ஏ380-யில் விமானி அறை இரண்டு மாடிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது, மூக்கைத் திறக்க வழியில்லை. சரக்கு வடிவம் கேட்டிருந்த பார்சல் கம்பெனிகள் ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் தாமதத்தைப் பார்த்து 2006, 2007-ல் விலகிக்கொண்டன. அதோடு அந்த வடிவத்தையே மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

இறக்கை இன்னொரு கதை. பின்னால் இதைவிட நீளமான ஒன்று வரும் என்று நம்பி, வளருகிற பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரி இறக்கையைப் பெரிதாகச் செய்தார்கள். பிள்ளை வளரவே இல்லை. காலி விமானமே சுமார் 277 டன், நான்கு எஞ்சின் வேறு. கடலைத் தாண்ட நான்கு எஞ்சின் வேண்டும் என்ற காலம் அதற்குள் முடிந்துபோயிருந்தது: பக்கத்து விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரத் தொலைவு வரை இரட்டை எஞ்சின் விமானம் போகலாம் என்று 1985-லேயே அனுமதி கிடைத்தது, அப்புறம் அது மூன்று மணி நேரமானது. இரட்டை எஞ்சின் 777, 1995-லிருந்து பறந்துகொண்டிருக்கிறது. ஏ380-ஐச் செய்வது என்று ஏர்பஸ் உறுதியாக முடிவெடுத்ததோ 2000 டிசம்பரில். தவறு அளவில் என்பதைவிட அந்தத் தேதியில் என்றுதான் சொல்வேன்.

யானையைக் கட்டித் தீனி போட ஒரே ஒரு ஆள்தான் கிடைத்தார். விற்ற 251-ல் 123 எமிரேட்ஸுக்குப் போனது. துபாய் மாதிரி எல்லாத் திசையிலிருந்தும் ஆட்களை ஒரே இடத்தில் இறக்கி, மாற்றி ஏற்றுகிற ஊரில் அது நிரம்பும். மற்றவர்களுக்குக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டு சின்ன விமானம் விடுவது சௌகரியம். பயணிக்கும் நேரத்தில் விருப்பம் கிடைக்கிறது, ஒன்று காத்தாடினாலும் நஷ்டம் தாங்கும்.

சரி, 777-9. பிரமாண்டம் என்றீர்கள், நீளத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன், 76.7 மீட்டர், ஏ380-ஐவிட நீளம். இருக்கை 426-தான், ஒரே தளம், இரண்டே எஞ்சின். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இறக்கை நுனி. விரித்தால் 71.8 மீட்டர், தரையில் மடக்கினால் 64.8. அதாவது இப்போது 777 நிற்கிற இடத்திலேயே இதுவும் நிற்கும், கொட்டிலை இடிக்க வேண்டாம், யானையே காலை மடக்கி உள்ளே வருகிறது. ஏ380-க்கு 79.8 மீட்டர் இறக்கை, அதற்காக விமான நிலையங்கள் ஓடுபாதையை அடுத்த வழிகளை அகலப்படுத்தி, மேல்மாடிக்குத் தனிப் பாலம் கட்ட வேண்டியிருந்தது.

சரக்கு வடிவமும் உண்டு. இதே குடும்பத்து 777-8 சரக்கு விமானத்தை 2022-லேயே கத்தார் ஏர்வேஸ் கேட்டுவிட்டது. அதனால் என் பதில்: ஜெயிக்கும். 2020-ல் கொடுப்பதாகச் சொன்னது 2027-க்குப் போய்விட்டது, அந்தத் தாமதத்தில் கொட்டிய பணம் திரும்புமா என்பது போயிங்கின் தலைவலி. விமானத்துக்கு ஓட இடம் இருக்கிறது. ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. இதையும் எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டிருப்பது அதே எமிரேட்ஸ்தான்.

அறுநூறு பேர் ஏறுகிற புது இரட்டை மாடி விமானம் என்று நாளைக்கு யாராவது படம் போட்டுக் காட்டினால், மேல்மாடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை எஞ்சின், மூக்கு திறக்குமா, இந்த இரண்டை மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.