வாடகை விமானம்: ஏறும் முன் எதைப் பார்ப்பது?

பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்திலிருந்து விமானப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. பராமரிப்பு எஞ்சினியராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது. நம்பி ஏறலாமா?

பெயின்டுக்காக மட்டும் பயப்பட வேண்டாம். உரிந்த இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அரிப்பு, எஞ்சினியரிடம் காட்டுங்கள். திருவனந்தபுரம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உலோகத்தை விடாது. தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியிலிருந்து புகை படிந்த மாதிரி கறுப்புக் கோடு ஓடினால், அது தளர்ந்து உராய்கிறது என்று பொருள்.

டெக் லாக் என்ற விமானப் பராமரிப்புக் குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். எதைப் படிப்பது?

முதலில் தேதிகள். விமானம் பறக்கத் தகுதியாக உள்ளது என்று தரும் ஏர்வொர்தினஸ் ரிவ்யூ சர்ட்டிபிகேட் ஓராண்டுக்குத்தான். 50 மணி, 100 மணி நேரம் பறந்ததும் செய்யும் பரிசோதனைகளுக்கு இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்றும் பாருங்கள். அப்புறம் குறைகள் எழுதும் பக்கத்துக்கு வாருங்கள். நான் அதிகம் நம்புவது அந்தப் பக்கத்தைத்தான். தினமும் பறக்கிற விமானத்தில் மாதக்கணக்காக ஒரு குறையும் எழுதவில்லை என்றால், குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; எழுதப் பயப்படுகிறார்கள். ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்து, எதிரே ‘சோதித்தோம், சரியாக உள்ளது’ என்று மட்டும் இருந்தாலும் உஷாராகுங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ‘இடது மேக்னெட்டோவில் எஞ்சின் அதிர்கிறது’ (மேக்னெட்டோ என்றால் பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி, எஞ்சினுக்கு இரண்டு உண்டு) என்று மூன்று மாணவர்கள் எழுதினார்கள், மூன்று முறையும் அதே பதில். நான்காம் முறைதான் பிளக்கைக் கழற்றினோம். பெட்ரோலில் உள்ள ஈயம் அடைத்துக் கிடந்தது. அந்த மூன்று பிள்ளைகளும் பறந்ததை நினைத்தால் இன்றும் மனசு பதறும்.

மேக்னெட்டோ சோதனையில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) குறையவே இல்லை. நல்லதுதானே?

இல்லை. 172எஸ் கையேட்டின்படி 1800 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துச் சோதிக்கும்போது 150க்கு மேல் குறையக் கூடாது. இரண்டு மேக்னெட்டோவிலும் குறைவதற்கு இடையே வித்தியாசம் 50ஐத் தாண்டக் கூடாது. கொஞ்சமும் குறையாவிட்டால், அணைய வேண்டிய மேக்னெட்டோ அணையவில்லை. எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கலாம். அந்த நிலையில் சாவியை எடுத்த பிறகும் யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் நகர்த்தினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும், கை போய்விடும். பறக்காமல் உடனே சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

பெட்ரோலை ஒவ்வொரு வடிகாலிலும் பிடித்துப் பாருங்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீல நிறம். தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாகத் தங்கும். வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாய்க்கு உறை போடாமல் நிறுத்தியிருந்தார்களா என்றும் கேளுங்கள். குளவி மண்ணால் அடைத்துவிட்டால் வேகமானி பொய் சொல்லும்.

இத்தனை கேட்டால் என் மகளை அங்கே முறைப்பார்களோ?

ஒழுங்காக வேலை செய்யும் எஞ்சினியர் புத்தகத்தை விரித்துவைத்துக் காட்டுவார். முறைத்தால், பாப்பா அன்றைக்கு அந்த விமானத்தில் ஏற வேண்டாம் அண்ணாச்சி.