தூக்கிப் போட்ட ஃபேன் ஓடுமா?

கேள்வி: பக்கத்து வீட்டில் வேண்டாமென்று வெளியே வைத்த சீலிங் ஃபேனைக் கேட்டு எடுத்துவந்தேன். ஸ்விட்ச் போட்டால் ‘உம்’மென்ற சத்தம் மட்டும் வருகிறது. தேறுமா?

பதில்: பெரும்பாலும் தேறும். மெயினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கன்டென்சர்தான் (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் சிறு மின்தேக்கி) போயிருக்கும். பல ஃபேன்களில் அது 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். பழையதில் அச்சிட்டிருக்கும் அதே அளவையே வாங்குங்கள். வேகம் கூடுமென்று பெரியதைப் போட்டால் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) சூடேறிக் கருகும். இறுக்கமாக, கரகரவென்று சுற்றினால் பேரிங் மாற்ற வேண்டும். கருகிய வாடை அடித்தால் காயில் போயிற்று. செம்புக்காகப் பழைய இரும்புக் கடையில் போடலாம், அவ்வளவுதான். றெக்கைகள் ஒரே செட்டாக இருக்கட்டும், ஒன்று மாறினாலும் ஃபேன் ஆடும். மாட்டும்போது போல்ட்டும், அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னும் கட்டாயம் புதிது. துருப்பிடித்த பின்னை நம்பித் தலைக்குமேல் தொங்கவிடாதீர்கள்.