பார்வைக்கு வைத்தால் போதுமா?

கேள்வி: அரச நிறுவனங்கள் தங்கள் திட்டங்களைத் தாங்களே மதிப்பிட்டு, சுற்றாடல் அறிக்கையை 30 நாள் 'பொதுமக்கள் பார்வைக்கு' வைக்கின்றன. இதனால் பயன் உண்டா? (வாசகர், கோண்டாவில்)

பதில்: 'பார்வைக்கு' என்ற சொல்லோடு எனக்குப் பல வருடப் பகை. கண்காட்சியில் பொருளைப் பார்வைக்கு வைக்கலாம். அறிக்கையை வாசிக்கத்தான் வைக்கவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் அப்படியொரு அறிக்கையைத் தேடிப்போனேன். தடித்த ஆங்கிலப் புத்தகம். தமிழில் நாலைந்து பக்கச் சுருக்கம் மட்டும். அதில் 'நிலத்தடி நீருக்குப் பாரிய பாதிப்பில்லை' என்று ஒரு வரி. எந்தக் கிணறு, எந்த மாதம் என்று எதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற வயதான தோட்டக்காரர் சொன்னார்: "தம்பி, மார்கழியில அள்ளினா எல்லாக் கிணறும் நல்ல தண்ணிதான்."

அவர் சொன்னதில் யாழ்ப்பாணத்தின் முழு நீர்க்கணக்கும் இருக்கிறது. நமக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மழைக்குத்தான் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர், கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். மாரியில் இனித்த கிணறு ஆவணியில் சவர்க்கும். ஒரு தடவை போத்தலில் நீர் எடுத்துப்போய்ப் பரிசோதித்தால் இது எப்படித் தெரியும்? ஒரு வருடமாவது கிணற்றோடு இருந்து பார்க்கவேண்டும். இதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

சரி, 'தாங்களே' என்றீர்கள். சட்டம் அவ்வளவு மோசமில்லை. 1988இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், திட்டத்தைச் செய்யும் நிறுவனமே அதற்கு அனுமதி வழங்க முடியாது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை வேறொரு நிறுவனத்தை நியமிக்கவேண்டும். ஆனால் அறிக்கை எழுதுபவருக்குக் கூலி கொடுப்பது திட்டக்காரர்தான். ஓட்டை அங்கேதான்.

சுன்னாகத்தை மறக்கமுடியுமா? மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை முதலில் கண்டது வாளியால் அள்ளிய சனம். உயர்நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2019இல்.

அதனால் அந்த 30 நாளை விட்டுவிடாதீர்கள். பிரதேச செயலகத்துக்குப் போங்கள், தமிழ்ப் பிரதி கேளுங்கள், கருத்தை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்திடுங்கள். எழுதும்போது உங்கள் கிணறு எந்த மாதத்தில் சவர்க்கத் தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள்.