நான்கு பேர், ஒரு இதழ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நான்கு நண்பர்கள், எல்லோருக்கும் ஐ.டி. வேலை. நிரல் எழுதுவதில் கிறுக்குப் பிடித்தவர்களுக்காக, காசு வாங்காமல் மாதம் ஒரு பி.டி.எஃப். இதழ் கொண்டுவரலாம் என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களில் ஒருவன், "எதைக் கேட்டாலும் ஏ.ஐ. சொல்லிவிடுகிறது, இதை எவன் படிப்பான்?" என்கிறான். என்ன பதில் சொல்வது?

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

படிப்பவன் கிடக்கட்டும். இந்த மாதிரி இதழ்கள் எழுதுகிறவர்களுக்காகத்தான் பிறந்தன.

1975-ல் ஆல்டேர் கணிப்பொறியை வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துப் பூட்டிய அமெரிக்கர்களுக்கு ஒரு சங்கடம். நிரல் எழுதத் தேவையான பேசிக் மொழியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நினைவகமோ சில கிலோபைட்தான். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஒரு குழு இருந்தது. பெயரில்தான் கம்பெனி, லாப நோக்கமெல்லாம் கிடையாது. 1972 முதல் செய்தி இதழ் ஒன்றை நடத்தி வந்தார்கள். அதில் டென்னிஸ் ஆலிசன், பாப் ஆல்பிரெக்டின் தூண்டுதலில், 'குட்டி பேசிக் ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ளலாம், இப்படித்தான்' என்று விளக்கினார். வாசகர்கள் நிஜமாகவே எழுதி அனுப்பிவிட்டார்கள்! அதையெல்லாம் போட மூன்றே மூன்று ஜெராக்ஸ் இதழ் போதும் என்று 1976 ஜனவரியில் ஆரம்பித்ததுதான் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்'. டென்னிஸையும் பாபையும் ஒட்டிச் செய்த டாக்டர் அவர். இதழின் முழுத் தலைப்பில் தேகப்பயிற்சியும் பல் சீரமைப்பும்கூட உண்டு. பல் டாக்டர் எவராவது ஏமாந்து சந்தா கட்டினாரா தெரியவில்லை. மூன்று இதழ் என்று தொடங்கியது, பின்னால் வணிக இதழாக மாறி, 2009 வரை அச்சில் வந்தது.

அந்த 1976-லேயே லி-சென் வாங் என்பவர் எழுதிய குட்டி பேசிக்கின் தலையில் 'காப்பிலெஃப்ட், ஆல் ராங்ஸ் ரிசர்வ்டு' என்று ஒரு வரி இருந்தது. 'காப்பிரைட், ஆல் ரைட்ஸ் ரிசர்வ்டு' என்ற வழக்கமான உரிமை வரியைத் திருப்பிப் போட்ட கிண்டல். 'தவறுகள் அனைத்தும் எமக்கே' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஐ.யிடம் விடை கேட்பவனுக்கு இந்தக் குறும்பு எங்கே கண்ணில் படப்போகிறது? இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

சரி, உங்களை நினைத்து நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. நானும் கல்லூரி முடித்த புதிதில் ஒரு ஜெராக்ஸ் இதழ் நடத்தியவன். நான்கு இதழ் வந்தது. கட்டுரைக்குப் பஞ்சமே இல்லை. எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பக்கம் கட்டுவது நான் ஒருவன். நீளமான நிரல் வரிகளை மடித்துப் போட்டு, விடியற்காலை மூன்று மணிக்குப் பிழை பார்ப்பேன். ஒரு மாணவர் கடிதம் எழுதினார்: மூன்று நாள் உட்கார்ந்து அடித்தும் நிரல் ஓடவில்லை என்று. எடுத்துப் பார்த்தால், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ. அவருக்குப் பதில் எழுதிய வாரம்தான் ஐந்தாம் இதழைக் கைவிட்டேன்.

2019-ல் தொடங்கிய 'பேஜ்டு அவுட்' என்ற இலவச நிரல் இதழ், பக்கம் கட்டும் இந்தச் சுமைக்கு அழகான வழி கண்டுபிடித்தது. ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்தை எழுதுகிறவரே வடிவமைத்து அனுப்ப வேண்டும். அதனால் ஒரு பக்கம் கறுப்புத் திரைபோல இருக்கும், அடுத்தது பள்ளிக்கூட நோட்டு மாதிரி. எனக்கு அந்தக் கலவை பிடிக்கும். அப்படியும் இரண்டாம் இதழுக்கும் மூன்றாம் இதழுக்கும் நடுவே நான்கு வருடம் ஓடிவிட்டது. ஆகவே அட்டையில் 'மாத இதழ்' என்று போட்டுவிடாதீர்கள். ராஸ்பெர்ரி பை என்ற மலிவான குட்டிக் கணிப்பொறியின் ஆர்வலர்கள் 2012-ல் தாங்களாகவே தொடங்கிய 'மேக்பை'யும் முப்பது இதழ் தாண்டிய பிறகு, 2015-ல் ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையின் கைக்குப் போனது. அந்த வருட டிசம்பர் இதழின் அட்டையிலேயே ஒரு கணிப்பொறியை ஒட்டிக் கொடுத்தார்கள். அதெல்லாம் பணம் இருப்பவர்கள் செய்கிற வேலை.

தமிழிலா ஆங்கிலத்திலா என்று நீங்கள் சொல்லவில்லை. தமிழ் என்றால் கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ்களை முதலில் புரட்டிப் பாருங்கள். கலைச்சொல்லுக்கு நீங்கள் முட்டி மோதப்போகிற இடங்களில் அவர்கள் ஏற்கெனவே முட்டியிருக்கிறார்கள்.

முதல் இதழ் வந்ததும் அனுப்புங்கள். அப்புறம், நிரலுக்கு என்ன எழுத்துரு போட்டாலும், பூஜ்யத்தின் நடுவே ஒரு கோடோ புள்ளியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.