மனைவி வரும் மாதத்தில் காதலர் தினம்: சிங்கப்பூரில் என்ன வழக்கம்?

மதுரையிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பிப்ரவரி முதல் வாரம் மனைவி டிபெண்டன்ட் பாஸில் (வேலை செய்பவரின் குடும்பத்துக்கான அனுமதி) வருகிறாள். ஆபீசில் எல்லோரும் காதலர் தினத்துக்கு இப்போதே ரெஸ்டாரன்ட் புக் செய்கிறார்கள். நானும் செய்யணுமா? வெளியே கைகோத்து நடந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். 'கல்யாணம் ஆயிடுச்சா, தாலி எங்கே?' என்று வழிமறிக்க இங்கே ஆள் கிடையாது. இந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்துப்போனதே அந்த நிம்மதிதான்.

பிப்ரவரி 14 இங்கே விடுமுறை இல்லை. வேலை நாளாக இருந்தால் சாயங்காலம்தான் எல்லாம். எம்ஆர்டி ரயிலில் பாருங்கள், கூட்டத்தில் நசுங்கிவிடக் கூடாது என்று பையன்கள் பூங்கொத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ரோஜா வெளிநாட்டிலிருந்து வருவது, அந்த வாரம் விலை எகிறிவிடும். ஆபீசில் ஜப்பானியப் பெண்கள் உங்கள் மேசையிலும் சாக்லேட் வைத்தால் பதற வேண்டாம். உடன் வேலை செய்பவர்களுக்கும் கொடுப்பது அவர்கள் வழக்கம். மார்ச் 14 அன்று நீங்கள் ஏதாவது திருப்பிக் கொடுத்தால் போதும்.

ரெஸ்டாரன்ட் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். அன்று இரவு பல இடங்களில் செட் மெனு மட்டும்தான். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று நேரம் பிரித்து உட்கார வைப்பார்கள், முன்பணமும் கேட்பார்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி. ஆளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருப்பார்கள், இரண்டு பேருக்கு 239 வெள்ளி 80 காசு ஆகும். குடித்தனம் தொடங்கும் மாதத்தில் இது வேண்டாம் என்பேன். லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனில் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு மெரினா பராஜ் அணைக்கட்டுக்குப் போங்கள். மேலே கூரை முழுக்கப் புல்வெளி, காற்று பிய்த்துக்கொண்டு போகும், எதிரே நகரத்து விளக்குகள் முழுசாகத் தெரியும். டிக்கெட் கிடையாது. நானும் வீட்டுக்காரரும் இன்றைக்கும் அங்கேதான் போகிறோம்.

அப்புறம், சீனர்களுக்கும் காதலுக்கென்று ஓர் இரவு உண்டு. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள், பௌர்ணமி, சாப் கோ மே என்பார்கள். கல்யாணமாகாத பெண்கள் நல்ல கணவன் அமைய வேண்டி ஆரஞ்சுப் பழத்தைத் தண்ணீரில் வீசுவார்கள். பினாங்கில் இதை விழாவாகவே நடத்துகிறார்கள். 2014இல் அது பிப்ரவரி 14 அன்றே வந்தது. 2025இல் பிப்ரவரி 11 தைப்பூசம், மறுநாள் சாப் கோ மே.

இன்னொன்று, மனைவியிடம் முன்பே சொல்லி வையுங்கள். காதலர் தினத்துக்கு மறுநாள், பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினம். 1942இல் ஜப்பானியரிடம் சிங்கப்பூர் வீழ்ந்த நாள் அது. அதன் நினைவாக மாலை 6.20க்குத் தீவெங்கும் சைரன் ஒலிக்கும். வந்த புதிதில் வீட்டில் தனியாக இருந்தால் பயந்துவிடுவார்.