தூக்கத்தில் கை விரித்துப் பதறும் பிள்ளை: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பிறந்து 20 நாளான பேத்தி தூக்கத்தில் இரண்டு கையையும் விரித்துப் பதறி அழுகிறாள். எதையோ பார்த்துப் பயந்திருப்பாளோ? (செம்பூர்)

பயமும் இல்லை, தோஷமும் இல்லை. இது மோரோ அனிச்சை, அதாவது பச்சைக் குழந்தை திடுக்கிடும்போது தானாக வரும் அசைவு. தலை லேசாகச் சரிந்தாலோ குக்கர் விசில் கேட்டாலோ கைகள் விரிந்து, பிறகு மார்போடு சேரும். நாலு மாத வாக்கில் மங்கி, ஆறு மாதத்துக்குள் போய்விடும். படுக்க வைக்கும்போது முதலில் இடுப்பு, கடைசியில் தலை என்று வையுங்கள், பதற்றம் குறையும். ஒரு கை மட்டும் விரிந்தால் உடனே காட்டுங்கள். பிரசவத்தில் காறை எலும்போ கை நரம்போ அடிபட்டிருக்கலாம்.

கேள்வி: உள்ளங்காலை வருடினால் குழந்தையின் பெருவிரல் மேலே போகிறது. நரம்புக் கோளாறா?

வயதை எழுதாமல் இப்படிக் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? ஒரு வயதுக் குழந்தைக்கு அது இயல்பு, சிலருக்கு இரண்டு வயது வரைகூட இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை என்றால் மருத்துவரைப் பாருங்கள். வயதை எழுதுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் அதையும் எழுதுங்கள். அவர்களுக்குப் பிறந்த நாளிலிருந்து அல்ல, பிரசவத்துக்கு என்று மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்துதான் வயதுக் கணக்கு.

கேள்வி: எண்ணெய் தேய்த்துவிட வரும் மாலிஷ்வாலி தினமும் குளிப்பாட்டியதும் ஒன்றரை மாதக் குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார். திடுக்கிடுவது நின்றுவிடுமாம். மாமியாரும் ஆமாம் என்கிறார். (முலுண்ட்)

இன்றைக்கே நிறுத்துங்கள். இதை எத்தனை முறை எழுதியிருப்பேன், கடிதம் வராத மாதமே இல்லை. தலை நிற்காத குழந்தை அது. தலை சரிந்தால் கை விரிவதுதான் மோரோ. தொங்கவிடும்போது அதைத்தான் தினமும் கிளப்பிவிடுகிறீர்கள், அது எப்படி நிற்கும்? மூளையின் மேற்பகுதி முதிரும்போது தானாகவே அடங்கும். அதற்கு வைத்தியம் கிடையாது, தேவையும் இல்லை. வேகமாகக் குலுக்கினால் மூளையைச் சுற்றிய மெல்லிய ரத்தக் குழாய்கள் கிழியலாம். நம் வீடுகளில் உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டுவதற்கும் இதே எச்சரிக்கைதான். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவே கூடாது. மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போகும். இதமாக எண்ணெய் தேய்ப்பது நல்லது, அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அம்மாவே உட்கார்ந்து தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது. மாமியாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: நிறுத்திப் பிடித்தால் எட்டு வைத்த மகன் இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டான். வாக்கர் வாங்கலாமா? (மாட்டுங்கா)

வேண்டாம். எட்டு வைக்கும் அனிச்சை அந்த வயதில் மறைவது வழக்கம். கால் கனத்துவிடுவதும் ஒரு காரணம். தண்ணீரில் காலை இறக்கிப் பிடித்தால் அதே குழந்தை மறுபடி எட்டு வைக்கும். கனடாவில் வாக்கர் விற்பதற்கே 2004 முதல் தடை.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பதினைந்து முறை தலை கவிழ்ந்து கை விரிக்கிறது. மோரோவா? (தாராவி)

மோரோ மறையவேண்டிய வயதில், திடுக்கிட வைக்கும் சத்தமோ தலை சரிவதோ இல்லாமல், கொத்துக் கொத்தாக வருகிறது. இது குழந்தை வலிப்பாக இருக்கலாம். கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு இன்றே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். சயானிலும் பரேலிலும் பெரிய மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வளர வளரச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு மூளை வளர்ச்சி தப்பும்.